வேலைக்குப் போகிறவளுக்கு ஓலை

ஆள் கடத்தலைத் தடுப்பது எப்படி என்று அமெரிக்காவில் படித்தவள் நான். அமெரிக்கா என்றால், ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். மறைப்புக்கு அந்தப் பக்கம் காலேஜ் பசங்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து உலகத்தில் உள்ள அடிமைகளை எல்லாம் விடுவித்துக்கொண்டிருப்பேன். கரண்ட் போனால் ரெண்டு வேலையும் நின்றுவிடும்.

அந்தப் படிப்புக்கு நடுவில்தான், நான் டைப் அடித்துக் கொடுக்கிற ஒரு கடிதத்தோடு, பதினேழு வயசுப் பெண் ஒருத்தி ஊர் பேர் தெரியாத இடத்துக்கு ரயிலேற இருந்தாள். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் படித்த கதையைச் சொல்லாமல் அதைச் சொன்னால் என் பெருமை உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

சுனாமி வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. வெளிநாட்டுச் சபைக்காரர்கள் எங்கள் கடற்கரைக்குப் படகு கொடுத்தாயிற்று, வலை கொடுத்தாயிற்று, வீட்டுக்கு ஒன்று என்று தையல் மிஷினும் கொடுத்தாயிற்று. தையல் மிஷின்மேல் டிவியை வைத்து ஜனங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்க வேறொன்றும் மிச்சமில்லாததால் படிப்பைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சோளக்காட்டு நடுவில் இருக்கிற ஏதோ ஒரு வேதாகமப் பல்கலைக்கழகம் எங்கள் பங்குக்கு, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த ஜனங்களுக்கு, ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. விசுவாச அடிப்படையில் மனித வணிகத் தடுப்பு. முழுக்க இன்டர்நெட்டிலேயே பட்டம்.

பங்குச் சாமியார் அந்தக் கடிதத்தை ரெண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருடைய அலுவலகத்தில் கிளார்க். ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, சாவுப் பதிவு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிப்பு வாசிப்பது, எல்லாம் என் தலையில். தபாலில் படித்த பி.காம்., தமிழ் இங்கிலீஷ் ரெண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர். உனக்குத்தான் டைப்பிங் தெரியும், நீயே சேர்ந்துவிடு என்றார். அடிமைத்தனத்தை ஒழிக்க ராயபுரத்திலிருந்து ஆள் தேர்ந்தெடுத்த முறை இதுதான்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: நீங்கள் எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்? எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் கத்தோலிக்கர்கள், கைக்குழந்தையாக இருக்கும்போதே தலையில் தண்ணீர் ஊற்றி விஷயத்தை முடித்துவிடுகிற கூட்டம். பதிவேட்டை எடுத்துப் பார்த்து என் ஞானஸ்நானத் தேதியை எழுதினேன். பிறந்த எட்டாம் நாளே ஆண்டவரை அறிந்துகொண்ட அதிசயப் பிறவி என்று நினைத்தார்களோ என்னவோ, மறு வாரமே சேர்த்துக்கொண்டார்கள்.

வாரம் ஒரு வேத வசனம், ஒரு வீடியோ, ஒரு கேள்வி. வீடியோ எங்கள் லைனில் ஓடாது. கட்டம் போட்ட சட்டை போட்ட புரொபசர் வாயைத் திறந்த மேனிக்கு அப்படியே நின்றுவிடுவார். கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், அப்புறம் கூடப் படிக்கிறவர்களில் ரெண்டு பேருடைய பதிலுக்கு அன்பாகப் பதில் எழுத வேண்டும். எல்லோரும் தங்கமானவர்கள். ஒருத்தி தன் சபையில் கிட்டார் வாசிக்கிறவள். உங்கள் மக்களை நினைத்துக் கண்ணீரோடு ஜெபித்தேன் என்று எனக்கு எழுதினாள். எங்கள் மக்கள் அந்நேரம் காசிமேட்டில் வஞ்சிரம் ஏலத்துக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். தங்களுக்காக ஒருத்தி அழுகிறாள் என்று தெரிந்தால் அவளுக்கு இன்னா கஷ்டமோ என்று விசாரித்திருப்பார்கள்.

பாடத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சங்கிலி கட்டின கை. இருட்டு அறை, ஜன்னல் கம்பி, கம்பிக்குப் பின்னால் ஒரு கண். முன்பின் தெரியாதவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தெருவில் முன்பின் தெரியாதவன் நுழைந்தால் முக்கு திரும்புவதற்குள் அவன் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்து முடித்துவிடுவார்கள். சங்கிலிக்கும் இங்கே அவசியம் இருந்ததில்லை. ஒரு ரெக்சின் பை, ஒரு டிபன் கேரியர், சென்ட்ரல் வரைக்கும் ஓர் ஆட்டோ, அவ்வளவு போதும். ஆட்டோவில் அம்மாக்காரி அழுதுகொண்டு போவாள், பெண் சிரித்துக்கொண்டு போகும்.

என் படிப்பைப் பற்றித் தெருவில் ஒரு மாதிரி செய்தி பரவியிருந்தது. ஆள் கடத்தல் என்பதில் தடுப்பை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பிரவுசிங் சென்டர்காரர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குக்கூடவா மேடம் படிப்பு கீது?" என்றார். ரெண்டு பேர் பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். ஒருத்தர் தன் மச்சானை சிங்கப்பூருக்கு அனுப்பச் சொன்னார், கடத்தினாலும் பரவாயில்லையாம், நல்ல கம்பெனியாகப் பார்த்துக் கடத்தணுமாம்.

இந்தச் செய்தி எட்டியதிலிருந்து என்னிடம் தனிப் பாசம் காட்டியவள் ஜெபமாலை அக்கா. அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவி. அன்பியம் என்றால் பத்திருபது வீடு சேர்ந்து வாரா வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற குழு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்வாள், தவக்காலத்தில் அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள். இதோடு சேர்த்து இன்னொரு தொண்டும் செய்துகொண்டிருந்தாள். படிப்பு ஏறாமல் வீட்டில் இருக்கிற பெண்களுக்கு வடக்கே பெரிய இடங்களில் வீட்டு வேலை பிடித்துக் கொடுப்பாள். குழந்தை பார்த்துக்கொள்கிற வேலை, சாப்பாடு துணிமணி எல்லாம் அங்கேயே. சென்ட்ரலில் அண்ணன் என்று ஒருத்தர் வந்து கூட்டிப்போவார்.

அந்த அண்ணனுக்கு ஒரே ஒரு காகிதம் வேண்டும். கோயில் லெட்டர். இவள் எங்கள் பங்கைச் சேர்ந்தவள், நன்னடத்தை உள்ளவள் என்று பங்குச் சாமியார் கையெழுத்தும் வட்ட முத்திரையும் போட்ட கடிதம். அது இருந்தால்தான் நல்ல வீட்டில் சேர்த்துக்கொள்வார்களாம். அந்தக் கடிதத்தை டைப் அடிப்பது யார்? நான். முத்திரை குத்துவது? நான். கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில், வெளியூர் செல்லும் எம் சகோதரியின் பயணம் நல்லபடி அமைய வேண்டுமென்று மன்றாட்டு எழுதி வாசிப்பது? அதற்கும் நான்தான். ஊரே ஒரே குரலில் ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்லி வழியனுப்பி வைக்கும்.

ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. உங்கள் சமூகத்தில் ஆள் பிடிக்கிறவர்களுக்கு நம்பகத்தன்மையைக் கொடுப்பது யார்? நான் ரெண்டு பக்கம் வெளுத்து வாங்கினேன். புரோக்கர்கள், உள்ளூர் கட்சிக்காரர்கள், சினிமா ஆசை காட்டுகிறவர்கள், பெற்றோரின் அறியாமை. ஒருத்தரையும் விடவில்லை. புரொபசர் புல்லரித்துப்போய்விட்டார். களத்தில் நிற்கிறவரின் கூர்மை என்று எழுதி, முழு மார்க்குக்கு ஒன்று குறைத்துப் போட்டிருந்தார்.

அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து மிதந்துகொண்டே இறங்கி அலுவலகத்துக்கு வந்தேன். வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் எடுத்து எங்கள் தெருக்களில் விற்கிற அக்கா ஒருத்தி உண்டு, அவளுடைய மகள். பிளஸ் டூவில் ரெண்டு பாடம் போய்விட்டது. பத்து நாள் கழித்து, வரப்போகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு சாயந்திரம் ரயிலாம். அந்த வீட்டில் வாஷிங் மிஷின் இருக்கிறதாம், துணியை உள்ளே போட்டால் போதுமாம், குழந்தைக்கு இங்கிலீஷ்தான் தெரியுமாம். மூச்சு விடாமல் சொன்னாள். எனக்குக்கூட அந்த வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

டைப்ரைட்டரில் தாளைச் சுருட்டினேன். சம்பந்தப்பட்ட அனைவருக்கும் என்று இங்கிலீஷில் அடித்தேன். அடுத்த வரிக்குக் கை நகரவில்லை. யார் இந்தச் சம்பந்தப்பட்ட அனைவர்? நம்பகத்தன்மையைக் கொடுப்பது யார் என்று ஒருத்தர் சோளக்காட்டிலிருந்து கேட்டதற்கு நான் ஊரில் உள்ள அத்தனை பேரையும் எழுதினேனே, இந்த வட்ட முத்திரையை எழுதினேனா? என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

ரிப்பன் சரியில்லை, அப்புறம் வா என்று அவளை அனுப்பிவிட்டு கோப்பை எடுத்தேன். கார்பன் காப்பி எல்லாவற்றையும் ஒழுங்காக நம்பர் போட்டு அடுக்கி வைத்திருந்தேன், அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்று வருஷத்தில் ஒன்பது பெண்கள். ஒன்பதிலும் ஒரே வாசகம். ஒன்றில்கூடப் போகிற ஊர் பேர் கிடையாது. பைத்தியம் பிடித்த மாதிரி ஒன்பதையும் திரும்பத் திரும்பப் புரட்டினேன், எங்கேயாவது ஒரு தெருப் பேராவது இருக்காதா என்று.

சாயந்திரம் ஜெபமாலை அக்கா வீட்டுக்குப் போனேன். எந்த ஊர் என்று கேட்டேன். வடக்கே என்றாள். வடக்கே என்றால் எண்ணூரும் எனக்கு வடக்கேதான் என்றேன். அவள் சிரித்துவிட்டு எனக்கு டீ போட்டாள். முன்னால் போன பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாம் நல்ல இடம், ஆரம்பத்தில் அண்ணாச்சி கடைக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள், இப்போது வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்றாள். அண்ணன் வீடு எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"அவர் கிறிஸ்மஸுக்கு வருசா வருசம் கேக்கு குட்த்து அனுப்பறாரு கண்ணு," என்றாள். "கெட்டவரா இருந்தா அனுப்புவாரா?"

அவளை வில்லியாக எழுத எனக்கும் ஆசைதான், கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவள் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணனை நம்பினாள், தாய்மார்கள் அவளை நம்பினார்கள், எல்லோரும் சேர்ந்து என் முத்திரையை நம்பினார்கள். நான் யாரை நம்பினேன்? கேட்பது மரியாதையில்லை என்று சும்மா இருந்தேன். கஞ்சி ஊற்றுகிற அக்காவிடம் அட்ரஸ் கேட்பது அவளைச் சந்தேகப்படுவதாகிவிடுமே.

மீன்கார அக்காவிடம் நேராகப் போய்ச் சொல்லலாம். சொன்னால், நீ படித்துவிட்டாய், என் பெண் முன்னுக்கு வந்தால் உனக்குப் பொறுக்காதா என்பாள். கடிதம் தர மாட்டேன் என்றால் ஜெபமாலை அக்கா சாமியாரிடமே போய் வாங்கிவிடுவாள், அவர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று என்றைக்குப் பார்த்திருக்கிறார்? பாடப் புத்தகத்தில் தேடினேன். விழிப்புணர்வு முகாம் நடத்துங்கள், துண்டறிக்கை விநியோகியுங்கள் என்று இருந்தது. துண்டறிக்கையை எங்கள் பக்கம் எறா பொட்டலம் கட்ட உபயோகிப்பார்கள்.

மறுநாள் அலுவலக மேஜைமேல் ஒரு கல்யாண ஓலை கிடந்தது. எங்கள் கோயில்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசிப்போம். இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னாருக்கும் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. பிரசங்கத்தில் தூங்குகிறவன்கூட ஓலைக்கு விழித்துக்கொள்வான். ஒரு பெண்ணைக் காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்குக் கட்டிக் கொடுக்க மூன்று வாரம் ஊரைக் கேட்கிறோம். தெரியாத ஊருக்கு, தெரியாத வீட்டுக்கு, அண்ணன் என்று ஒருத்தனோடு அனுப்ப ஒரு வாரம்கூடக் கேட்பதில்லை. எனக்கு வந்த கோபத்தில் அப்போதே ஓர் ஓலை எழுதினேன்.

ஜெபமாலை அக்காவிடம், இனிமேல் வேலைக்கு வெளியூர் போகிறவர்களுக்கும் மூன்று ஓலை வாசித்தபிறகுதான் கடிதம், ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது என்றேன். பச்சைப் பொய். அப்படியென்றால் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று அவள் பயபக்தியோடு ஒத்துக்கொண்டாள். சாமியாரிடம் இது என் படிப்புக்கான புராஜெக்ட் என்றேன். மார்க் உண்டா என்று கேட்டார், உண்டு என்றேன், வாசித்துக்கொள் என்றார். சுற்றறிக்கைப் பொய்யைச் சனிக்கிழமை அவரிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உள்ளே சொன்னதை அவர் வெளியே மூச்சு விட முடியாது. மூன்று அருள் நிறைந்த மந்திரம் அபராதம் போட்டார். அவர் பெருமூச்சு கம்பி வலைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை, திவ்ய நன்மை கொடுத்து முடிந்ததும் மைக் முன்னால் போய் நின்றேன். பெண்ணின் பெயர், தாயின் பெயர் எல்லாம் சொல்லி, வீட்டு வேலைக்காக வெளியூர் செல்ல இருக்கிறார் என்று வாசித்தேன். செல்லும் ஊர், தெரியாது. வீட்டுக்காரர் பெயர், தெரியாது. அழைத்துச் செல்பவர், அண்ணன். இது முதல் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். ஆஹா, என்ன ஒரு தடுப்பு நடவடிக்கை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் ஜனத்துக்கு ஓலை என்றால் கல்யாணம். நானூறு வருஷமாக அப்படித்தானாம், நான் ஒருத்தி வந்து அதை மாற்றிவிட முடியுமா? வாசலில் நின்று பூசை காண்கிற ஆம்பளைகளுக்குப் பாதிதான் காதில் விழும், மீதியை அவர்களே போட்டுக்கொள்வார்கள். பத்து மணிக்கு மீன் மார்க்கெட்டில் பேச்சு என்னவென்றால், மீன்கார அக்கா மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஊரும் தெரியாது பேரும் தெரியாது, ஓடிப்போகிற கேஸ், அதுவும் அண்ணன் முறை. மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் ரெண்டு பேர் விருந்து எங்கே என்று கேட்டு வந்துவிட்டார்களாம்.

திங்கட்கிழமை காலையில் மீன்கார அக்கா கூடையோடு அலுவலகத்துக்குள் வந்தாள். கூடையைப் பதிவேட்டின்மேல் வைத்தாள்.

"இன்னாம்மே, எவன்கூட எம் பொண்ணுக்கு ஓல வாசிச்ச?"

நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் படிப்பு, என் வயசு, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாதது, எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன், நியாயமாக வாங்கவேண்டியதுதான். கடைசியில் உன் பெண் எந்த ஊருக்குப் போகிறாள் என்று மட்டும் கேட்டேன். ஜெபமாலை அக்காவுக்குத் தெரியும் என்றாள். அவளுக்கும் தெரியாது, நான் போய்க் கேட்டேன் என்றேன். அவள் வாய் அடங்கியது. ஆனால் கோபம் அடங்கவில்லை. ரெண்டாவது ஓலை வாசித்தால் கோயிலுக்குள்ளேயே வந்து மைக்கைப் பிடுங்குவேன் என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கம் இன்றைக்கும் சங்கரா மீன் நாற்றம் அடிக்கும்.

அவள் மகள் சாயந்திரம் தனியாக வந்தாள். அவள் கத்தவில்லை. அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நீ உக்காந்த எடத்துல அமெரிக்கா போற. நான் ரயிலேறி ஒரு ஊர் போனா உனக்கு இன்னாக்கா பேஜாரு?"

பதினெட்டு வாரப் பாடத்தில் இதற்குப் பதில் எங்கும் கிடையாது. எனக்கு அவமானமாக இருந்தது. போகாதே என்று சொல்லவில்லை, அட்ரஸ் இருக்கிற இடத்துக்குப் போ என்று சொல்கிறேன் என்று முனகினேன். அவள் போய்விட்டாள். சாமியாரும் அன்றைக்கே கூப்பிட்டு, புராஜெக்ட் போதும், ஒரு ஓலைக்கு எவ்வளவு மார்க் வருமோ அது போதும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருந்து, ஒன்பது பேரும் வாஷிங் மிஷினில் துணி போட்டுக்கொண்டு சுகமாக இருந்தால்? அப்படி இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன், சத்தியமாக.

ரெண்டாவது ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. பக்தியால் இல்லை, சண்டை பார்க்க. மீன்கார அக்கா முதல் வரிசையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் தலை குனிந்திருந்தாள். சாமியார் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பார்க்காத மாதிரி மைக் முன்னால் போய் நின்றேன். "இரண்டாம் ஓலை" என்றதுமே மீன்கார அக்கா எழுந்து பீடத்தைப் பார்த்து நடந்து வந்தாள். நான் மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னால், பெண்கள் பக்கம், தூணோரமாக ஒருத்தி எழுந்தாள். காசிமேட்டு ஷெட்டில் எறா உரிக்கிறவள். பூசைக்கு வந்தால் கடைசி வரிசை, யாரிடமும் பேசமாட்டாள்.

"எம் பொண்ணுக்கும் வாசிம்மா," என்றாள். "ரெண்டு வருசம் ஆச்சு. அவளுக்கும் அதேதான், ஊர் தெர்ல, வூட்டுக்காரு பேர் தெர்ல."

மீன்கார அக்கா நடுவழியில் நின்றுவிட்டாள். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒரே கடலோரத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர்கள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். ஊரே கூடி மன்றாட்டு வைத்து அனுப்பிய பெண், போன் வரவில்லை என்று எந்த மூஞ்சியோடு சொல்வேன் என்றாள் அவள். ரயில்வேயில் வேலை செய்கிற ஒருத்தர் எழுந்து தன் தங்கை மகளும் அப்படித்தான் என்றார். அப்புறம் இன்னும் ரெண்டு பேர். ஜெபமாலை அக்கா முழங்காலில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள், உதடு அசையவில்லை. பூசை ஒரு நிமிஷம் நீண்டால் முகம் சுளிக்கிற எங்கள் சாமியார் பீடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓலையை நான் வாசித்து முடிக்கவேயில்லை.

மீன்கார அக்கா மகள் அந்த ரயிலில் போகவில்லை. இப்போது திருவொற்றியூர் பக்கம் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை செய்கிறாள், கம்பெனி கேட்டில் அட்ரஸ் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என்னைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அண்ணன் அதற்கப்புறம் சென்ட்ரலுக்கு வரவில்லை, ஜெபமாலை அக்கா வைத்திருந்த நம்பரிலும் யாரும் எடுக்கவில்லை. அவள் அன்பியத்தை விட்டுவிட்டாள், தவக்காலக் கஞ்சிக்கு ஆளில்லாமல் போயிற்று.

நடந்ததையெல்லாம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு இறுதிக் கட்டுரையாக அனுப்பினேன். முந்தின கட்டுரைக்கு முழு மார்க்குக்கு ஒன்று குறைத்தவர் இதற்குப் பாதிதான் போட்டார். தடுக்கப்பட்டது ஒரு நபர் மட்டும், அளவிடத்தக்க விளைவு போதாது என்று எழுதியிருந்தார். ஓலை வாசிப்பதற்கு வேத ஆதாரம் காட்டப்படவில்லை என்பதற்கும் கொஞ்சம் குறைத்திருந்தார். கிட்டார் வாசிக்கிறவள் மட்டும் இந்தத் தடவையும் அழுதிருந்தாள். பட்டம் வந்தது. சாமியார் அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டச் சொன்னார், ஆணி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த ரெண்டாம் ஞாயிறுக்கு மறுநாளைத்தான் நான் எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. ஞாயிறு மதியமே சாமியார் அத்தனை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அங்கே, அட்ரஸ் இருக்கிற மாதிரி ஏதாவது பேப்பர் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் எறா உரிக்கிற அக்கா வந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. கோயிலில் கொடுத்த லெட்டருக்கு நகல் இருக்குமே, அதைக் கொடு என்றாள். ரெண்டு வருஷமாக அந்த லெட்டரில் எல்லாம் எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். முத்திரை போட்ட காகிதமாயிற்றே.

கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னையே தமிழில் படித்துச் சொல்லச் சொன்னாள். சம்பந்தப்பட்ட அனைவருக்கும், இவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், நன்னடத்தை உள்ளவர், கீழ்ப்படிதல் உள்ளவர், இவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். படித்துவிட்டு நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள்.

"அவ நல்ல பொண்ணுன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள். "எங்க கீறான்னு எழுதலியா?"

எழுதவில்லை அக்கா என்றேன். அவள் காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.